ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வீட்டில் பிரித்துக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களும் சின்னப் பட்டறைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுற்றை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் உருளை) உள்ள 4, 5, 6 கியர் பெட்டிகளுக்காக எழுதியது. இங்கே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் பெட்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. மேனுவல் கையில் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

என் வண்டியும் ஆட்டோமேட்டிக்தான். வீட்டில் வைத்துப் பிரிக்கலாமா அண்ணாச்சி?

முதலில் எந்த ஆட்டோமேட்டிக் என்று பாருங்கள். 2014-இல் செலேரியோவில் வந்து பரவிய ஏஎம்டி உண்மையில் சாதா மேனுவல் பெட்டிதான். கிளட்சை அமுக்குவதும் கியரை மாற்றுவதும் மேலே இருக்கும் ஆக்சுவேட்டர். அதில் முக்கால்வாசிக் கோளாறு கிளட்ச் பிளேட்டிலோ ஆக்சுவேட்டரிலோதான் இருக்கும். பெட்டியைப் பிரிக்கும் வேலையே வராது. ஆனால் கிளட்ச் மாற்றியபின் கிளட்ச் பிடிக்கும் இடத்தை அதன் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வைத்துப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

சிவிடியை வீட்டில் தொடாதீர்கள். புல்லிக்கும் ஸ்டீல் பெல்ட்டுக்கும் தனிக் கருவி வேண்டும். புல்லியில் ஒரு கீறல் விழுந்தாலும் பெல்ட் போய்விடும். டிசிடி (இரட்டைக் கிளட்ச் பெட்டி) வகையும் அப்படியே. உலர் கிளட்ச் டிசிடியில் கிளட்சைக் கழற்றவே தனி புல்லர் வேண்டும், ஷிம் அளந்து மாட்ட வேண்டும். சிலவற்றின் மெக்கட்ரானிக் யூனிட்டில் உயர் அழுத்தத்தில் ஆயில் அடைபட்டிருக்கும்.

மிச்சம் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் பெட்டி. பொறுமையும் சுத்தமான இடமும் இருந்தால் இதை வீட்டில் செய்யலாம். ஒரு விலக்கு: 2014-க்கு முந்தைய ஹோண்டா சிட்டியின் 5 கியர் பெட்டி. அதற்குள் பிளானட்டரி கியர் (நடுக் கியரைச் சுற்றி வரும் கியர் கூட்டம்) கிடையாது, மேனுவல் பெட்டி போல ஷாஃப்டுகள்தான். கழற்றும் முறையே வேறு. சில நட்டுகள் இடது மரை. வழக்கம்போல் திருகினால் மரை பிய்ந்துவிடும்.

கியர் போட்டால் ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் வண்டி நகருது. கியர்பாக்ஸ் போச்சுன்னு சொல்லுதாங்க. போச்சா?

போகாமலும் இருக்கலாம். பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை: ஆயில் அளவு, ஆயில் நிறம், பேட்டரி வோல்ட், பெட்டிக்கு வரும் எர்த் வயர், கியர் லீவர் சுவிட்ச், இன்ஜின் மவுண்ட். இறங்கிப்போன பேட்டரியால் மட்டுமே பெட்டி எமர்ஜென்சி மோடுக்குப் போய் ஒரே கியரில் நிற்பது உண்டு. ஆயில் ஒரு லிட்டர் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கியர் பிடிப்பது தாமதமாகும், வளைவில் திரும்பும்போது இழுவை விட்டுவிடும். அதற்குப் போய்ப் பெட்டியை இறக்குவது வீண் வேலை.

காலையில் முதல் தடவை மட்டும் தாமதம், சூடானபின் சரி என்றால், பெட்டிக்குள் கிளட்ச் பிளேட்டுகளை அமுக்கும் பிஸ்டனின் சீல் பெரும்பாலும் இறுகியிருக்கிறது. சூடாகச் சூடாக மோசமாகிறது என்றால் பம்ப் தேய்ந்திருக்கலாம், வால்வு பாடியில் (ஆயிலை ஒவ்வொரு கிளட்சுக்கும் பிரித்து அனுப்பும் வால்வுத் தொகுதி) கசிவு இருக்கலாம். பெட்டியின் பிரஷர் துளையில் 0-20 பார் கேஜ் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்டால் டெஸ்ட் என்று பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பார்ப்பார்கள். 5 நொடிக்கு மேல் கூடாது, வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஏற்கெனவே நழுவுகிற பெட்டியில் அதைச் செய்தால் மிச்சமிருக்கும் கிளட்சும் கருகிவிடும்.

ஸ்கேனரில் பி0700 மட்டும் வருது. அதுக்கு என்ன அர்த்தம்?

கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு எண் (கோடு) பதிந்திருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்லும் தகவல், அவ்வளவுதான். விலை குறைந்த புளூடூத் கருவிகள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பி0715 இன்புட் ஸ்பீடு சென்சார், பி0720 அவுட்புட் ஸ்பீடு சென்சார், பி0740, பி0741 கன்வெர்ட்டர் லாக்கப் (கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் கிளட்ச்), பி0750 முதல் சாலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் ஆயில் வால்வு). பி0731-இலிருந்து வரிசையாக 1, 2, 3 என்று எந்த கியரில் நழுவல் என்று சொல்லும்.

நழுவல் கோடு வந்தால் மேனுவலில் உள்ள கிளட்ச் அட்டவணையை எடுங்கள், எந்த கியருக்குப் பெட்டிக்குள் எந்தக் கிளட்ச் பிடிக்கும் என்று அதில் இருக்கும். பிரேக் என்று அதில் வருவதும் பெட்டிக்குள் இருக்கும் பிளேட் கூட்டம்தான், வண்டி பிரேக் அல்ல. பல பழைய ஹூண்டாய் 4 கியர் பெட்டிகளில் கணக்கு இப்படி இருக்கும்: அண்டர்டிரைவ் கிளட்ச் 1, 2, 3-க்கு, ஓவர்டிரைவ் கிளட்ச் 3, 4-க்கு, செகண்ட் பிரேக் 2, 4-க்கு, லோ-ரிவர்ஸ் பிரேக் 1-க்கும் ரிவர்ஸுக்கும், ரிவர்ஸ் கிளட்ச் ரிவர்ஸுக்கு மட்டும். 1, 2, ரிவர்ஸ் நன்றாக இருந்து 3, 4 மட்டும் இல்லை என்றால் ஓவர்டிரைவ் கிளட்ச். 2, 4 மட்டும் நழுவினால் செகண்ட் பிரேக். முன்னால் போகாமல் ரிவர்ஸ் மட்டும் போனால் அண்டர்டிரைவ். எல்லா கியரும் ஒரேயடியாக இல்லை என்றால் கிளட்சைத் தேடாதீர்கள். பம்ப், ஃபில்டர், கன்வெர்ட்டர், டிரைவ் ஷாஃப்ட் என்று பாருங்கள். பெட்டி வண்டியில் இருக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டு எழுதி வைக்க வேண்டும். ஏன் போனது என்று தெரியாமல் பிரித்துப் புது பிளேட் போட்டு மூடிய பெட்டி அதே காரணத்தால் மறுபடி போகும்.

ஆயில் நிறத்தை வைத்து என்ன சொல்லலாம்?

தெளிந்த சிவப்பு, நல்லது. காப்பி நிறம், கருகல் வாடை இல்லை: பழையது, மாற்றுங்கள். கறுப்பு, கருகல் வாடை: கிளட்ச் எரிந்திருக்கிறது. இளஞ்சிவப்பில் பால் கலந்த மாதிரி: தண்ணீரோ கூலன்ட்டோ உள்ளே போயிருக்கிறது.

ஆயில் சட்டியைக் கழற்றிக் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு எல்லாப் பெட்டியிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். விரலில் தேய்த்தால் குத்தும் சிலும்பு இருந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் சட்டியில் மின்னும் மஞ்சள் துகள், ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து வருவது. வெள்ளித் துகள் அலுமினியம்.

2023 டிசம்பர் வெள்ளத்துல முங்குன வண்டி ஒண்ணு விலைக்கு வருது. பெட்டி ஓடுது. வாங்கலாமா?

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையோரம் ஏராளமான வண்டிகள் முழுகின. பெட்டிக்கு மேலே மூச்சுக் குழாய் ஒன்று இருக்கிறது. தண்ணீர் அது வழியாகவும் டிப்ஸ்டிக் குழாய் வழியாகவும் இறங்கும். கிளட்ச் பிளேட்டின் மேலிருக்கும் லைனிங் காகித இழையால் ஆனது, இரும்புத் தகட்டில் பசையால் ஒட்டியது. ஈரம் பட்டால் பசை விட்டுவிடும். அது உடனே தெரியாது. லைனிங் துண்டு துண்டாக உரிந்து ஃபில்டரை அடைக்கச் சில மாதம்கூட ஆகலாம். "பெட்டி ஓடுது" என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

மூச்சுக் குழாயைச் சுற்றி வண்டல் காய்ந்திருக்கிறதா, வயர் சாக்கெட்டுக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் ஒரு தடவை பால் நிறமாகி அதோடு ஓட்டப்பட்ட வண்டி என்று தெரிந்தால் எல்லாக் கிளட்ச் பிளேட்டும், கன்வெர்ட்டரும் மாற்றும் செலவைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்சிலும் இதே லைனிங்தான்.

என்ன சாமான் வேண்டும்? எங்கே வைத்துச் செய்வது?

இன்ஜினை மேலிருந்து தாங்க ஒரு குறுக்குக் கட்டை அல்லது செயின் பிளாக், இரண்டு ஜோடி ஸ்டாண்டு, கியர்பாக்ஸ் ஜாக்கி (பெட்டி 60 முதல் 90 கிலோ இருக்கும்), 5-லிருந்து 100 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் டார்க் ரெஞ்ச் (ஒன்றில் கிடைக்காது, இரண்டு வேண்டும்), டயல் கேஜ், ஃபீலர் கேஜ், வெர்னியர், சர்க்கிளிப் பிளையர், அழுத்தத்தைக் குறைத்து வைக்கக்கூடிய ஏர் கம்ப்ரசர். கிளட்ச் டிரம்மின் ஸ்பிரிங்கை அமுக்க ஒரு கருவி வேண்டும். சி-கிளாம்பையும் ஒரு குழாய்த் துண்டையும் வெட்டி வெல்ட் வைத்தே செய்துகொள்ளலாம். செம்மண் தரையில் ஸ்டாண்டு வைத்தால் கனத்த பலகை கீழே போடுங்கள். சிமென்ட் தரையே நல்லது.

இடத்தைவிடக் காலம் முக்கியம். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது திண்ணையிலோ கார் ஷெட்டிலோ வால்வு பாடியைத் திறப்பது தற்கொலைக்குச் சமம். வால்வுக்கும் துளைக்கும் இடையில் உள்ள சந்து ஒரு முடியைவிடச் சின்னது. ஒரு மணல்துகள் போதும். கதவு, ஜன்னல் சாத்திய அறை, ஃபேன் நிறுத்தியிருக்க வேண்டும், மேசையில் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பு. வேர்க்கும், வேறு வழியில்லை.

கழுவ மண்ணெண்ணெய் போதுமா?

உலோகப் பாகங்களுக்குப் போதும். டர்பன்டைனும் சரி. பெட்ரோல் வேண்டாம், மூடிய அறையில் தீ பிடிக்கும். கழுவியபின் காற்றடித்துக் காயவைத்து, உடனே அந்தப் பெட்டிக்கு ஊற்றும் ஆயிலையே பூசுங்கள். நம்மூர் மழைக்காலத்தில் கழுவிய ஸ்டீல் பிளேட் ஒரே இரவில் துரு பூக்கும். ரப்பர் சீல், லைனிங் ஒட்டிய கிளட்ச் பிளேட் இரண்டிலும் கழுவும் எண்ணெய் படக் கூடாது.

பட்டறையில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட், காட்டன் வேஸ்ட் எதுவும் இந்த மேசைக்கு வரக் கூடாது. அதிலிருந்து உதிரும் நூல் சாலினாய்டு வடிகட்டியில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

பெட்டியை இறக்கும்போது எங்கே தப்பு நடக்கும்?

கன்வெர்ட்டரில். அதை ஃபிளெக்ஸ் பிளேட்டோடு (இன்ஜின் ஷாஃப்டின் முனையில் உள்ள மெல்லிய தட்டு) பிடித்திருக்கும் போல்ட்டுகளை முதலில் கழற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் துளை அல்லது அடி மூடி வழியாக, இன்ஜினைக் கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாகக் கழற்றலாம். அதை மறந்துவிட்டுப் பெட்டியை இழுத்தால் கன்வெர்ட்டர் இன்ஜினோடு தங்கி, பம்ப் சீல் கிழியும். பிரிந்தபின் கன்வெர்ட்டர் நழுவி விழாதபடி பெட்டியின் வாயில் ஒரு பட்டையைக் குறுக்கே போல்ட் போட்டுவிடுங்கள். கன்வெர்ட்டரை வெளியே எடுக்கும் முன், பெல் ஹவுசிங்கின் (இன்ஜினோடு சேரும் பெட்டியின் அகன்ற வாய்) விளிம்பில் ஸ்கேல் வைத்து, அது எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று வெர்னியரில் அளந்து சுவரில் எழுதுங்கள். மாட்டும்போது அந்த எண் வேண்டும்.

வால்வு பாடியைப் பிரித்தால் திரும்ப மாட்டவே முடியாது என்கிறார்களே?

முடியும். அவசரப்படுபவர்களுக்குத்தான் முடியாது. போல்ட்டுகள் இரண்டு மூன்று நீளத்தில் இருக்கும். ஒரு அட்டையில் வால்வு பாடியின் படத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் இறுக்கினால் அலுமினியம் பிளந்துவிடும்.

இரண்டு பாதிகளுக்கு நடுவே செப்பரேட்டர் பிளேட் இருக்கும். மேல் பாதியைத் தூக்கும்போது பிளேட்டையும் அதோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கி, பிளேட் மேலே வரும்படி கவிழ்த்து மேசையில் வையுங்கள். பிளேட்டை மெல்ல எடுத்ததும் வாய்க்கால்களில் 5, 6 மி.மீ. குண்டுகள் தெரியும். கையை எடுத்துவிட்டு முதலில் போட்டோ எடுங்கள். ஸ்டீல் குண்டும் பிளாஸ்டிக் குண்டும் கலந்திருந்தால் எது எங்கே என்பதும் படத்தில் தெரிய வேண்டும். மாட்டும்போது அவற்றை இடத்தில் நிறுத்த வாசலின் போதும். ஆயில் சூடானதும் கரைந்துவிடும். வீல் பேரிங் கிரீஸ் கரையாது, சாலினாய்டை அடைக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு வால்வை மட்டும் எடுங்கள், ஸ்பிரிங்கோடு கழுவுங்கள், திருப்பிப் போடுங்கள், பிறகுதான் அடுத்தது. பாடியைச் சாய்த்தால் வால்வு தன் எடையிலேயே சறுக்கி இறங்க வேண்டும். சிக்கினால் மறுபடி கழுவுங்கள். எமரித் தாளைத் தொடவே கூடாது: வால்வின் ஓரம் கூராக இருந்தால்தான் அழுக்கை வெட்டித் தள்ளும், ஓரம் மழுங்கினால் அழுக்கு உள்ளே நுழைந்து சிக்கும். பிரஷர் ரெகுலேட்டர் வால்வு, லாக்கப் வால்வு இரண்டின் துளைகளும்தான் அதிகம் தேயும். அங்கே வால்வு ஆடினால் பாடியையே மாற்றுங்கள்.

சாலினாய்டுகளை மீட்டரில் அளந்துவிடுங்கள். ஆன்-ஆஃப் வகை பொதுவாக 11-லிருந்து 30 ஓம் வரை, பிரஷரைக் கட்டுப்படுத்தும் வகை 3-லிருந்து 6 ஓம் வரை. ஓம் சரியாக இருந்தும் உள்ளே அழுக்கால் சிக்கியிருக்கலாம். 12 வோல்ட் கொடுத்து 'டிக்' சத்தம் கேட்பதெல்லாம் ஆன்-ஆஃப் வகைக்கு மட்டும். பிரஷர் சாலினாய்டுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் காயில் எரியும்.

கிளட்ச் பிளேட் புதிது போட்டால் போதாதா? கேப் அளக்கணுமா?

அளக்காமல் மூடுவதுதான் வீட்டில் கட்டிய பெட்டிகள் மறுபடி இறங்குவதற்கு முதல் காரணம்.

லைனிங் பிளேட்டைப் புது ஆயிலில் குறைந்தது ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். காய்ந்தபடி மாட்டினால் முதல் பிடிப்பிலேயே கருகும். நடுவில் வரும் ஸ்டீல் பிளேட்டில் நீலப் புள்ளி, கரும்புள்ளி இருந்தால் மாற்றுங்கள். கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் ஆடும். சில பேக்குகளில் பிஸ்டன் பக்கம் குழிந்த தட்டு ஒன்று இருக்கும், அதை ஸ்டீல் பிளேட் என்று நினைத்து நடுவில் செருகிவிடாதீர்கள். குழிவு எந்தப் பக்கம் என்பதும் மேனுவலில் இருக்கும்.

எல்லாம் அடுக்கி சர்க்கிளிப் (தட்டுகளைப் பூட்டும் வளையம்) போட்டபின், சர்க்கிளிப்புக்கும் கடைசித் தட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜை இரண்டு எதிர்ப் பக்கத்திலும் விட்டு அளந்து பாருங்கள். கைக்கணக்கு: ஒரு லைனிங் பிளேட்டுக்கு சுமார் 0.25 மி.மீ. நாலு பிளேட் என்றால் 1 மி.மீ. பக்கம். மேனுவல் 0.8-லிருந்து 1.2 என்றால் அதற்குள் நிற்க வேண்டும். கேப் கூடினால் பிஸ்டன் அதிக தூரம் ஓட வேண்டும்; கியர் தாமதமாகப் பிடிக்கும், மாறும்போது இன்ஜின் ஒரு உறுமல் உறுமும். குறைந்தால் கியர் விட்டபின்னும் பிளேட் உரசிக்கொண்டே ஓடிக் கருகும். சரிசெய்ய வெவ்வேறு தடிமனில் சர்க்கிளிப் அல்லது கடைசித் தட்டு கிடைக்கும். ஸ்டீல் பிளேட்டை லேத்தில் கொடுத்துத் தேய்ப்பது, பழைய பிளேட்டில் உள்ளூரில் லைனிங் ஒட்டுவது இரண்டும் வேண்டாம். மேனுவல் கார் கிளட்சுக்கு ஒட்டும் லைனிங்கும் பசையும் சூடான ஆயிலில் நிற்பதற்கு ஆனவை அல்ல.

பிஸ்டனின் உதட்டு சீல்தான் அடுத்த கண்டம். துளைக்குள் இறக்கும்போது உதடு மடங்கிக்கொள்ளும், வெளியே தெரியாது. சீல் முழுக்க வாசலின் பூசி, மெல்லிய ஃபீலர் தகட்டால் உதட்டைச் சுற்றிலும் உள்ளே தள்ளிக்கொண்டே பிஸ்டனைச் சுழற்றி அமுக்குங்கள். பிறகு ஆயில் துளையில் 3 பார் காற்றடியுங்கள். 'தொப்' என்று ஒரே சத்தத்தில் பிஸ்டன் ஏறி, காற்றை நிறுத்தியதும் இறங்கினால் சரி. 'புஸ்' என்று கசிந்தால் கழற்றுங்கள். சர்க்கிளிப் பூட்டாமல் காற்றடிக்கக் கூடாது, தட்டு தெறித்து முகத்தில் அடிக்கும். எல்லா டிரம்மும் பெட்டிக்குள் போனபின், வால்வு பாடி மாட்டும் முன், இதே காற்றுச் சோதனையைப் பெட்டியின் துளைகள் வழியாக இன்னொரு தடவை செய்யுங்கள்.

ஒன்வே கிளட்ச் எந்தப் பக்கம் மாட்டுவது?

கழற்றும் முன்பே எந்தப் பக்கம் சுற்றுகிறது, எந்தப் பக்கம் பூட்டுகிறது என்று எழுதிவையுங்கள். திருப்பி மாட்டினாலும் சில பெட்டிகளில் சரியாக உட்காரும். ஓட்டும்போதுதான் முதல் கியர் இல்லை என்று தெரியும். ஊசி பேரிங், திரஸ்ட் வாஷர்களுக்கும் இதே பேச்சு. டயல் கேஜில் எண்ட் பிளே (ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும் தூரம்) அளந்து மேனுவல் அளவுக்குள் இருந்தால்தான் மேலே போகலாம்.

சீல், ஓ-ரிங் இங்கேயே கிடைக்குமா?

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் பக்கக் கடைகளில் டிரைவ் ஷாஃப்ட் சீல், சாதா பேரிங், ஓ-ரிங் அளவு சொல்லி வாங்கலாம். பிஸ்டன் சீல், டெஃப்லான் வளையம், லைனிங் பிளேட், ஃபில்டர் இவற்றை அந்தப் பெட்டியின் மாடல் எண் (கோடு) சொல்லி ஓவர்ஹால் கிட்டாக வரவழையுங்கள். கோடு வண்டிப் பெயரில் இல்லை, பெட்டியின் மேல் ஒட்டிய தகட்டில் இருக்கும். சென்னை புதுப்பேட்டையில் பழைய பெட்டி முழுசாகக் கிடைக்கும். அதிலிருந்து டிரம், பம்ப், கேஸ் எடுக்கலாம், பிளேட்டும் சீலும் எடுக்கக் கூடாது. புஷ் ஏற்றுவதற்குப் பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் லேத்காரர்களிடம் மேண்ட்ரல் (புஷ்ஷைத் தட்டி ஏற்றும் உருளை) கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கன்வெர்ட்டரையும் நாமே திறக்கலாமா?

முடியாது. சுற்றிலும் வெல்ட் வைத்தது. அதை வெட்டி, உள்ளே மாற்றி, மறுபடி வெல்ட் வைத்து பேலன்ஸ் செய்யத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஆயில் கறுத்திருந்தாலோ உலோகத்துகள் இருந்தாலோ அதைக் கழுவிப் பயன்படுத்தும் யோசனை வேண்டாம்; உள்ளே உள்ள அழுக்கு முழுக்கப் புது பெட்டிக்கு வரும்.

மாட்டும்போது உள்ளே ஒரு லிட்டர் புது ஆயில் ஊற்றி, சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என்று மூன்று படி இறங்க வேண்டும்; மூன்று தடவை 'டொக்' என்று விழுவது கையில் தெரியும். சுவரில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். பெட்டியை இன்ஜினோடு சேர்த்தபின் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் சில மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பெல் ஹவுசிங் போல்ட்டை இறுக்கித்தான் இரண்டும் சேர்கிறது என்றால் நிறுத்துங்கள். மூன்றாவது படி இறங்கவில்லை. இறுக்கினால் பம்ப் உடையும்.

ஆயில் கூலரை என்ன செய்வது?

பல கார்களில் அது ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கிறது. பழைய பெட்டியின் துகளெல்லாம் அங்கே தங்கியிருக்கும். கழுவும் எண்ணெயை ஓட்டத்துக்கு எதிர்ப் பக்கமாக விட்டுக் காற்றடியுங்கள், வெளிவருவது தெளியும்வரை. உலோகத்துகள் வந்தால் கூலரையே மாற்றுங்கள். மாஞ்சோலை, ஆரியங்காவு மலைப்பாதையில் அடிக்கடி ஏற்றும் வண்டி என்றால் தனி கூலர் ஒன்றையும் சேர்த்து மாட்டுவது நல்ல செலவு.

எவ்வளவு ஆயில்? எப்படி அளப்பது?

சின்னக் கார்களில் பெட்டி, கன்வெர்ட்டர், கூலர் எல்லாம் காலியாக இருந்தால் 6-லிருந்து 8 லிட்டர் பிடிக்கும். 12 லிட்டர் வாங்கி வையுங்கள், இரண்டாவது மாற்றுக்கும் ஆகும். பழைய ஹூண்டாய் 4 கியருக்கு எஸ்பி-3, 6 கியருக்கு எஸ்பி-4, டொயோட்டா 6 கியருக்கு டபிள்யூஎஸ், ஹோண்டா 5 கியருக்கு டிடபிள்யூ-1. "எல்லாத்துக்கும் ஒரே ஆயில்" என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

4 லிட்டர் ஊற்றி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு உடனே மிச்சத்தை ஊற்றுங்கள். பிரேக்கை மிதித்து ஒவ்வொரு கியரிலும் 5 நொடி நிறுத்துங்கள். டிப்ஸ்டிக் இருந்தால் பெரும்பாலும் சூடாக, ஓடும்போது பார்க்க வேண்டும் (ஹோண்டாவில் இன்ஜினை நிறுத்தியபின்). டிப்ஸ்டிக் இல்லாமல் வழியும் மூடி உள்ள பெட்டி என்றால் ஆயில் வெப்பம் பெரும்பாலும் 35-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும்போது மூடியைத் திறந்து, சொட்டாக வழிந்தால் அளவு சரி. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயிலில் நின்ற வண்டியில் ஸ்டார்ட் பண்ணாமலே ஆயில் 40-ஐத் தொட்டிருக்கும். அந்த அளவு பார்க்கும் வேலையை விடியற்காலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது எப்படி?

பழைய பிளேட்டுகளை வைத்து கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் கற்றுவைத்த அளவுகளை ஸ்கேனரில் அழித்துவிட்டு, லேசான காலோடு எல்லா கியரும் மாறும்படி அரை மணி நேரம் ஓட்டுங்கள். நான்குவழிச் சாலையில் காலை நேரம் நல்லது. 1000 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை ஆயிலை மாற்றி, சட்டியின் காந்தத்தைப் பாருங்கள். அதுவரை மலை ஏற வேண்டாம்.

வழியில் நின்றுபோச்சு. கயிறு கட்டி இழுக்கலாமா?

முன்சக்கரம் ஓடும் வண்டியை முன்சக்கரம் தரையில் உருள இழுக்கக் கூடாது. இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், உள்ளே ஆயில் ஓடாது, கியர்கள் காய்ந்தபடி சுற்றும். முன்பக்கத்தைத் தூக்கும் ரெக்கவரி வண்டியோ, முழுசாக ஏற்றும் லாரியோ வரச் சொல்லுங்கள். பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.